காமிக்ஸின் கதை – 27: ஒரு பகல், ஓர் இரவு, இருபத்து நான்கு பக்கங்கள்

24 மணி நேரத்துக்குள் 24 பக்கக் காமிக்ஸ் ஒன்றை ஒருவரே எழுதி, வரைந்து, மை தீட்டி முடிக்க வேண்டும். இந்தச் சவாலை 1990ஆம் ஆண்டில் வகுத்தவர் அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட். இரண்டு நண்பர்களுக்கு இடையே பந்தயமாகத் தொடங்கிய இது, பதினான்கு ஆண்டுகளில் கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பொதுமக்கள் சூழ்ந்து நின்று பார்க்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. காமிக்ஸ் வரலாற்றில் வேகம் என்பது முதலாளியின் கையிலிருந்து ஓவியரின் கைக்கு மாறிய தருணங்களில் இது முக்கியமானது.

அமெரிக்க மாத இதழ்களின் உற்பத்தி முறையை மனத்தில் வைத்தால்தான் சவாலின் கடுமை புரியும். அங்கே ஓர் இதழ் பலர் கை மாறி உருவாகும். எழுத்தாளர் கதையைத் தருவார். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன்மேல் மை தீட்டுவார். உரையாடலை எழுத ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர். பென்சில் ஓவியர் நாளுக்கு ஒரு பக்கம் முடித்தாலே நல்ல வேகக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஓர் இதழ் என்பது நாலைந்து பேரின் ஒரு மாத உழைப்பு. அதை ஒருவரே ஒரு நாளில் செய்வதென்றால், கதை யோசிப்பது முதல் மை காய்வது வரை பக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

வேகம் இந்தத் தொழிலுக்குப் புதியதல்ல. 1941இல் டைம்லி நிறுவனத்தின் ‘ஹியூமன் டார்ச்’ ஐந்தாம் இதழுக்காக அறுபது பக்க மோதல் கதை ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. ஓவியர்கள் கார்ல் பர்கோஸ், பில் எவரெட் ஆகியோர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எவரெட்டின் குடியிருப்பில் அடைந்து, ஒரே வார இறுதியில் அதை முடித்தார்கள் என்றும், இடம் போதாமல் ஒருவர் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்தார் என்றும் அந்தத் தலைமுறையினர் சொல்லிவந்தார்கள். இந்தக் கதையைத் தொழிலின் பொற்காலச் சாகசமாக மட்டும் படிப்பது சரியாகாது. பக்கக் கணக்கில் கூலி வாங்கிய இளைஞர்கள் அவர்கள். படைத்த பாத்திரங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாயின. அவசரத்தின் ஆதாயம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுந்த குரல்களில் முக்கியமானது 1988 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டனில் கேட்டது. படைப்பு யாருக்குச் சொந்தம், யார் விற்பது, மூலப் பக்கங்கள் யாரிடம் திரும்ப வேண்டும் என்பனவற்றைப் பேசிய படைப்பாளர் உரிமை சாசனம் அங்கேதான் உருவானது. அதை வரைவதில் பெரும் பங்கு மெக்ளவுடுடையது. கையெழுத்திட்ட ஓவியர்களில் ஸ்டீவ் பிஸ்ஸெட், டேவ் சிம், ரிக் வீட்ச், கெவின் ஈஸ்ட்மன் ஆகியோர் இருந்தனர். இரண்டே ஆண்டுகளில் 24 மணி நேரச் சவாலை முதலில் ஏற்றவர்களும் இதே வட்டத்தினர்தான். சாசனம் சொத்துரிமையைப் பேசியது. சவால் பேசியது நேரத்தைப் பற்றி. எவ்வளவு வேகமாக, எதை, யாருக்காக வரைவது என்பதை ஓவியரே முடிவு செய்கிற சுதந்திரம் இரண்டுக்கும் பொது. இந்தத் தொடர்பை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை.

மெக்ளவுட் 1960இல் பிறந்தவர். 1984 முதல் ‘ஸாட்!’ என்ற இதழைத் தாமே எழுதி வரைந்துவந்தார். யோசித்து யோசித்து, மெதுவாக வரைகிறவர். அவருடைய நண்பர் பிஸ்ஸெட்டின் நிலை வேறு. ஜோ கூபர்ட் நிறுவிய ஓவியப் பள்ளியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர். ஆலன் மூரின் ‘ஸ்வாம்ப் திங்’ கதைகளுக்கு வரைந்து பெயர் பெற்றவர். ரசிகர்கள் கேட்டால் நிமிடங்களில் அபாரமான படம் போட்டுக் கொடுப்பார். ஆனால் இதழுக்கான பக்கங்கள் என்று வந்துவிட்டால் கெடு தப்பும். கை வேகமாக ஓடுகிறது, வேலை மட்டும் ஏன் நகரவில்லை என்ற கேள்விதான் பந்தயத்துக்கு விதை. ஒரு முழுக் காமிக்ஸை ஒரே நாளில் வரைந்து பார்ப்போம் என்று மெக்ளவுட் நண்பரைச் சீண்டினார், தாமும் அதற்குக் கட்டுப்பட்டார்.

1990 ஆகஸ்ட் 31 அன்று மெக்ளவுட் ‘ஒரு நாள் வேலை’ என்ற பொருள்படும் தலைப்பில் தம் 24 பக்கங்களை முடித்தார். ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, பிஸ்ஸெட் ‘கறுப்பு வெள்ளையில் ஒரு வாழ்க்கை’ என்ற பொருளில் தம்முடையதை முடித்தார். இரண்டுமே தனிப்பட்ட பயிற்சிகள், அச்சிட்டு விற்கும் நோக்கம் அவற்றின் பின்னால் இல்லை. பிறகு சிம், வீட்ச், ஈஸ்ட்மன், ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் என்று ஒருவர் பின் ஒருவராகச் சவாலை எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் கிச்சனரிலிருந்து ‘செரிபஸ்’ இதழை நடத்திவந்த சிம், இந்தக் காமிக்ஸ்களைத் தம் இதழின் பின்பக்கங்களில் வெளியிட்டார். அது பெரிய உதவி. ‘செரிபஸ்’ வாசகர்களில் சொந்தமாகக் காமிக்ஸ் வெளியிடக் கனவு கண்டவர்கள் ஏராளம். சவால் நேராக அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

மெக்ளவுட் எழுதிவைத்த விதிகள் குறைவு. ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும். முன்கூட்டிக் கதைச் சுருக்கமோ, பாத்திர ஓவியமோ, குறிப்போ எதுவும் தயாராக இருக்கக் கூடாது. தாள், மை, தூரிகை, பார்த்து வரையப் படங்கள், சாப்பாடு, பாட்டு ஆகியவற்றைச் சேர்த்துவைக்கலாம். தாள் எந்த அளவிலும் இருக்கலாம், எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம். கடிகாரம் ஓடத் தொடங்கினால் நிற்காது. தூங்கினால் தூக்கமும் கணக்கில் சேரும். கணினித் திரைக்கென்று எல்லையற்ற நீளத்தில் வரைகிறவர்களுக்குப் பக்கத்துக்குப் பதிலாக 100 கட்டங்கள் என்ற மாற்றுக் கணக்கு பின்னர் வந்தது.

இவற்றில் உயிரான விதி முன் தயாரிப்புக்கான தடைதான். 24 என்ற எண்ணைப் பலரும் வியக்கிறார்கள். ஆனால் கதை கையில் இருந்தால் 24 பக்கம் வரைவது வெறும் உடலுழைப்பு. கதை இல்லாமல் வெற்றுத்தாள் முன் உட்காருபவர் முதல் பக்கத்தை வரையும்போது ஐந்தாம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று அறியமாட்டார். திருத்த நேரமில்லை. பிடிக்காத கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கவும் முடியாது. தன்னைத் தானே தணிக்கை செய்யும் மனம் சில மணி நேரத்தில் ஓய்ந்துபோகிறது. பிரான்சில் 1919இல் ஆந்த்ரே ப்ரெத்தோனும் ஃபிலிப் சூப்போவும் சிந்தனைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி வேகமாக எழுதிப் பார்த்த சோதனையும் இதைத்தான் நாடியது. காமிக்ஸில் படமும் சொல்லும் சேர்ந்தே வர வேண்டியிருப்பதால் சோதனை இன்னும் கடினமாகிறது.

தோல்விக்கும் இந்தச் சவாலில் மதிப்பான இடம் உண்டு. ரோமப் பேரரசர் ஹீலியோகபாலஸின் வாழ்வையும் சாவையும் எடுத்துக்கொண்ட கெய்மன், 24 மணி நேரம் முடிந்தபோது 24 பக்கங்களை எட்டியிருக்கவில்லை. கிடைத்த பக்கங்களோடு கதையை முடித்துக்கொண்டார். ஈஸ்ட்மனோ நேரம் தாண்டியும் நிறுத்தாமல் 24 பக்கங்களையும் வரைந்தே எழுந்தார். ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ பாத்திரங்களைப் படைத்த இருவரில் ஒருவர் அவர். மெக்ளவுட் இரண்டையும் கௌரவமான தோல்விகள் என்று ஏற்று, அவரவர் பெயரையே அந்த வகைகளுக்கு வைத்தார். நேரம் முடிந்ததும் நிறுத்துவது கெய்மன் வகை, பக்கம் முடியும்வரை தொடர்வது ஈஸ்ட்மன் வகை. கெய்மனின் முயற்சியில் இன்னொரு சிறப்பும் உண்டு. ‘சாண்ட்மேன்’ போன்ற தொடர்களுக்கு எழுதி, வரைவதைப் பிறரிடம் விட்டு வந்த எழுத்தாளர் அவர். ஒருவரே எல்லாம் செய்ய வேண்டும் என்ற விதி அவர் கையில் பேனாவைக் கொடுத்துப் படம் போட வைத்தது.

1990களில் சவால் வாய்மொழியாகவும் அஞ்சல் வழியாகவும் பரவியது. முடித்தவர்கள் மெக்ளவுடுக்குப் படிகள் அனுப்பினார்கள். 1993இல் வெளிவந்த அவருடைய ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூல் அவரை இந்தக் கலையின் ஆசானாக்கியிருந்ததால், ஓவியப் பள்ளி மாணவர்களிடையே சவாலுக்கும் மதிப்புக் கூடியது. காமிக்ஸுக்கு வெளியிலும் அதன் தாக்கம் தெரிந்தது. 1995இல் நியூயார்க்கில் டினா ஃபாலன் தொடங்கிய 24 மணி நேர நாடகங்கள் இதைப் பார்த்துப் பிறந்தவை. இரவில் எழுதி, பகலில் ஒத்திகை பார்த்து, மாலையில் மேடையேற்றும் முறை அது. அந்த நாடகங்களைப் பார்த்து 2001இல் வாஷிங்டனில் 48 மணி நேரத் திரைப்படப் போட்டி தோன்றியது. மற்ற கலைகளிடமிருந்து கடன் வாங்கியே பழக்கப்பட்ட காமிக்ஸ், இங்கே மேடைக்கும் திரைக்கும் கடன் கொடுத்தது.

ஆனாலும் காமிக்ஸ் ஓவியர் இந்தப் பதினான்கு ஆண்டுகளும் தம் அறைக்குள்தான் சவாலைச் செய்துகொண்டிருந்தார். அதைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளரும் பதிப்பாளருமான நாட் கெர்ட்லர். அவருடைய ‘அபௌட் காமிக்ஸ்’ பதிப்பகம் 2004இல் மெக்ளவுட் தொகுத்த 24 மணி நேரக் காமிக்ஸ் நூல் ஒன்றை வெளியிட்டது. நூல் வருவதை ஒட்டி ஒரே நாளில் பல ஊர்களில் ஓவியர்கள் ஒன்றுகூடிச் சவாலை ஏற்கட்டும் என்று கெர்ட்லர் திட்டமிட்டார். நாளும் பொருத்தமாக அமைந்தது: 2004 ஏப்ரல் 24, சனிக்கிழமை. முதல் 24 மணி நேரக் காமிக்ஸ் நாள் அதுதான். அன்று உருவானவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கதைகளின் தொகுப்பையும் கெர்ட்லர் வெளியிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நிகழ்ச்சியும் தொகுப்பும் தொடர்ந்தன. 2006இலிருந்து இந்த நாள் அக்டோபருக்கு மாறியது. பின்னர் காமிக்ஸ் விற்பனையாளர்களின் சங்கமான ‘காமிக்ஸ்புரோ’ பொறுப்பை ஏற்றது.

கடைகளுக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் காமிக்ஸ் அன்று பெரும்பாலும் தனிக் கடைகளில்தான் விற்றது. 2002 மே மாதத்தில் முதலாவது இலவசக் காமிக்ஸ் நாள் நடந்தபோது, குடும்பம் குடும்பமாக மக்கள் உள்ளே வருவதைக் கடைக்காரர்கள் கண்டார்கள். அந்த நாளில் வாசகருக்குப் புத்தகம் கிடைத்தது. 24 மணி நேர நாளில் அவர்களுக்கு ஓவியரே கிடைத்தார். கடையின் நடுவில் அலமாரிகளை ஒதுக்கி மேசை போட்டார்கள், இரவு முழுவதும் கதவைத் திறந்துவைத்தார்கள், காபியும் பீட்சாவும் வாங்கிவைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கார்ட்டூன் ஆர்ட் மியூசியம் போன்ற இடங்களும் ஓவியர்களை வரவேற்றன. நூலகங்களும் கல்லூரிகளும் தொடர்ந்தன.

பொது இடத்தில் வரைவது வேலையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. நிகழ்ச்சி வழக்கமாகச் சனிக்கிழமை காலையிலோ நண்பகலிலோ தொடங்கும். முதல் மணி நேரம் பார்வையாளர்களுக்குச் சலிப்பூட்டும், ஏனெனில் பலர் தாளை வெறித்துக்கொண்டிருப்பார்கள். அனுபவசாலிகள் அப்போதே சில தீர்மானங்களை எடுத்துவிடுவார்கள். தாளின் அளவைப் பாதியாக்குவார்கள், பக்கத்துக்கு மூன்று நான்கு கட்டங்களுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொள்வார்கள். நாயகனுக்கு மூன்றே கோட்டில் அடையாளம் தெரியும் முகம் கொடுப்பார்கள். கூட்டமும் குதிரையும் வரும் காட்சிகளைத் தவிர்ப்பார்கள். இருட்டில் நடக்கும் காட்சி ஒன்று வந்தால் தூரிகை பாதிப் பக்கத்தை மையால் நிரப்பிக் கொடுத்துவிடும். சிலர் எல்லாப் பக்கங்களையும் பென்சிலில் போட்டுவிட்டுப் பிறகு மை தீட்டுவார்கள். இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கடைசி நேரத்தில் மை தீட்டாத பக்கங்கள் குவிந்து ஆளை மூழ்கடிக்கும் ஆபத்தும் இதில் இருக்கிறது. மணிக்கு ஒரு பக்கம் முழுதாக முடிப்பவர்கள் தங்கள் நிலையை எப்போதும் அறிந்திருப்பார்கள். முடிந்த பக்கங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டும் வழக்கம் உள்ள இடங்களில் இந்த முறைக்குத்தான் மவுசு. காலையில் வந்த சிறுவன் மாலையில் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து கதை எங்கே போயிருக்கிறது என்று பார்க்கலாம்.

பிற்பகலும் மாலையும் கலகலப்பானவை. எப்படி வரைகிறீர்கள் என்று கேட்பவர்கள், அடுத்து என்ன நடக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள், வெறுமனே நின்று கையைப் பார்ப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். இதற்கு நேரம் செலவாகிறது என்று குறைப்பட்டுக்கொள்ளும் ஓவியர்களும் உண்டு. ஆனாலும் இந்தப் பொதுத்தன்மைதான் நிகழ்ச்சியின் பெரிய கொடை. அச்சான காமிக்ஸைப் பத்து நிமிடத்தில் புரட்டிவிடும் வாசகர், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை நேரில் காண்பது இங்கேதான். ஓவியர்களுக்கும் துணை கிடைக்கிறது. தொழில்முறைக்காரரும், முதன்முறை பேனா எடுத்த கல்லூரி மாணவியும் ஒரே மேசையில் ஒரே கடிகாரத்துக்கு எதிராக உட்காருகிறார்கள். அங்கே அனுபவத்துக்குச் சலுகை கிடையாது.

நள்ளிரவுக்குப் பிறகு பார்வையாளர் கூட்டம் கரைந்துவிடும். உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது என்றும், 24 மணி நேரத்தில் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமமாகிறது என்றும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணிவரை உடலின் உள் கடிகாரமும் தாழ்ந்து கிடக்கும். கோடு நடுங்கும், எழுத்துப்பிழை பெருகும், நகைச்சுவை தடம் மாறும். பாதிக் கதைக்கு மேல் பாத்திரங்கள் விநோதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். பலர் இந்த நேரத்தில்தான் மேசையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். பொது நிகழ்ச்சிகளில் அருகில் இருப்பவர் இன்னும் வரைந்துகொண்டிருப்பதே ஒருவரை இருத்திவைக்கிறது. தனி அறையில் இந்தப் பிடிமானம் கிடைக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உருவான படைப்புகளின் தரம் ஏறியிறங்கியே இருக்கிறது. கதை வராமல் தவிக்கும் ஓவியர், ஓடும் கடிகாரம், காலியாகும் காபிக் கோப்பை ஆகியவற்றையே கதையாக்கிய பக்கங்கள் ஏராளம். முதலில் செய்தவர்களிடம் அது நேர்மையாக இருந்தது, நூறாவது முறை வரும்போது சோம்பலாகிவிட்டது. நல்ல 24 மணி நேரக் காமிக்ஸ்கள் கடிகாரத்தை மறக்கடிப்பவை. கெய்மன் ஒரு ரோமப் பேரரசரைத் தேடிப்போனது இந்த வகையில் முன்மாதிரி. எழுதி அழித்து, அழித்து எழுதி வளரும் நாவல் அளவிலான காமிக்ஸுக்கு இந்தச் சவால் மாற்றாகாது. கை இறுகிப்போன ஓவியருக்கு அது மருந்து, தொடங்கத் தயங்கும் மாணவருக்கு அது வாசல்.

ஐரோப்பாவில் சவால் வேறு முகம் பெற்றது. பிரான்சின் அங்குலேம் நகரில் 1974இல் காமிக்ஸ் திருவிழா தொடங்கியது. அதன் உயர்ந்த விருதை 2006இல் பெற்ற லூயிஸ் த்ரோந்தேம், வழக்கப்படி அடுத்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றார். 2007 ஜனவரியில் அந்நகரின் படைப்பாளர் இல்லத்தில் 24 மணி நேரக் காமிக்ஸை அவர் தொடங்கிவைத்தார். இதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. படம் வரையத் தெரியாத நிலையில், வரையக் கற்றுக்கொள்வதற்காகவே 500 பக்கக் கதை ஒன்றைத் திட்டமின்றி வரைந்துகொண்டே போனவர் அவர். ‘லாப்பினோவும் பட்டகோனியாவின் கேரட்டுகளும்’ என்ற அந்த நூல் 1992இல் வெளிவந்தது. விதிகளைத் தாமே விதித்துக்கொண்டு அவற்றுக்குள் காமிக்ஸ் செய்யும் ‘ஊபாபோ’ குழுவிலும் அவர் உறுப்பினர்.

அங்குலேமில் த்ரோந்தேம் சேர்த்த புதுமை, தொடக்க நேரத்தில்தான் அறிவிக்கப்படும் ஒரு நிபந்தனை. கதையில் இன்னது இடம்பெற வேண்டும் என்று அங்கேயே சொல்லப்படும். முன்கூட்டி யாரும் கதையை மனத்தில் சமைத்துக்கொண்டு வர முடியாது. மெக்ளவுட் பங்கேற்பவரின் நேர்மையை நம்பி விட்டதை த்ரோந்தேம் அமைப்பிலேயே பூட்டிவிட்டார். இது சவாலின் உயிரான விதியைக் காப்பாற்றிய திருத்தம் என்பதில் ஐயமில்லை. இந்த நிகழ்ச்சி திருவிழாவோடு சேர்ந்தே நடந்ததால், தொழில்முறை ஓவியர்களும் அங்குள்ள கலைப்பள்ளி மாணவர்களும் ஒரே கட்டடத்தில் ஒரே நிபந்தனையோடு உட்காரும் வாய்ப்பு உண்டானது.

இதற்குள் பிஸ்ஸெட் வகுப்பறைக்குள் நுழைந்திருந்தார். 2005இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் தொடங்கிய காமிக்ஸ் கல்வி மையத்தில் அவர் ஆசிரியரானார். கெடு தப்புபவர் என்று பெயர் வாங்கிய ஓவியர், கெடுவுக்குள் முடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக மாறினார்.

சவாலின் கிளைகளும் வளர்ந்தன. 2006இல் ஜான் கேம்ப்பெல் தொடங்கிய மணிக்கொரு காமிக்ஸ் நாள் ஆண்டுதோறும் பிப்ரவரி 1 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த நேரத்தில் நடந்ததைச் சிறு காமிக்ஸாக வரைய வேண்டும். தூக்கத்துக்குத் தடையில்லாததால் உடல் நலிந்தவர்களும் குழந்தை வளர்ப்பவர்களும் பங்கேற்கக்கூடிய மென்மையான வடிவம் இது. பிரெஞ்சு ஓவியர்களோ எதிர்த்திசையில் போனார்கள். மார்ச் மாத இறுதியில் கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வார இறுதியைத் தேர்ந்தெடுத்து, 23 மணி நேரத்தில் 24 பக்கம் என்று தங்கள் போட்டியை அமைத்துக்கொண்டார்கள்.